புதிய நேரம், பழைய நேரம்: கடிகாரத்தை முன்னே தள்ளினால் கிராமத்தில் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான்: "கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் விவசாயிகளுக்காக வந்தது என்கிறார்களே, உண்மையா? கிராமத்து அன்றாட வாழ்வில் அதனால் என்ன மாறும்? நம் பக்கத்தில் எங்காவது அப்படி நடந்திருக்கிறதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நடந்திருக்கிறது. இலங்கையில் 1996 மே மாதம் தொடங்கி 2006 ஏப்ரல் வரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நடந்தது. அது தொடங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. வவுனியா மாவட்டத்தில் ஒரு குளத்தை நம்பிய சிறிய கிராமம் எங்களுடையது. மின்சாரம் இல்லை. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி நான் பார்த்ததும் வாழ்ந்ததும்தான்.

விவசாயிகளுக்காக வந்தது என்பது தவறான நம்பிக்கை. இந்த யோசனையை 1895இல் முன்வைத்த ஜார்ஜ் ஹட்சன் நியூசிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து பூச்சி சேகரிக்க மாலையில் வெளிச்சம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1907இல் இங்கிலாந்தில் இதற்காகத் துண்டுப் பிரசுரம் எழுதிய வில்லியம் வில்லெட் வீடு கட்டும் தொழில் செய்தவர். நாடு முழுவதற்கும் முதலில் நடைமுறைப்படுத்தியவை ஜெர்மனியும் ஆஸ்திரியா‑ஹங்கேரியும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1916 ஏப்ரல் 30 அன்று, நிலக்கரியை மிச்சப்படுத்துவதற்காகச் செய்தார்கள். இந்த வரலாற்றில் உழவர் எங்குமே யோசனை சொன்னவராக வரவில்லை, எதிர்த்தவராகத்தான் வருகிறார். அமெரிக்கா 1918இல் சட்டம் கொண்டுவந்தது. பண்ணைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1919இல் ஜனாதிபதி வில்சன் தடுத்தும்கூட அமெரிக்கக் காங்கிரஸ் அதை நீக்கிவிட்டது.

ஏன் எதிர்த்தார்கள்? வைக்கோல் புல் பனி உலர்ந்த பிறகுதான் அள்ளுவதற்கு ஏற்றதாகும். பனி உலர்வது சூரியன் ஏறுவதைப் பொறுத்தது. ஆனால் கூலியாள் கடிகாரத்தைப் பார்த்து வருகிறான், கடிகாரத்தைப் பார்த்துப் போகிறான். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனால் காலையில் அவன் சும்மா நிற்பான். மாலையில் வேலைக்கு நல்ல பதம் வரும் வேளையில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். பால் கதையும் அதுவே. நகரத்துக்குப் பால் ஏற்றும் ரயில் புதிய நேரத்துக்கு வரும். பசுவோ தன் மடி நிறையும் நேரத்துக்குத்தான் சுரக்கும்.

எங்கள் ஊரில் நான் கண்டதும் இதுதான். கிராமத்துக்கு எப்போதும் இரண்டு காலம் உண்டு. ஒன்று, சூரியனும் பனியும் மாடும் நெற்பயிரும் வைத்திருக்கும் காலம். அதில் எந்த அரசாங்கமும் கை வைக்க முடியாது. மற்றது பாடசாலை, பஸ், சந்தை, வங்கி, தேநீர்க்கடை ஆகியவற்றின் காலம். கடிகாரத்தை மாற்றும்போது முதலாவது அப்படியே நிற்கும். இரண்டாவது மட்டும் நகரும். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் அடிபடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நின்றவர்கள் பால் கறக்கும் அப்பாவும், அடுப்பு மூட்டும் அம்மாவும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும்.

இலங்கையில் ஏன் செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்சாரம். 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. மணிக்கணக்கில் மின்வெட்டு. மாலையில் எல்லா வீடுகளிலும் ஒரே வேளையில் விளக்கு எரியும்போதுதான் மின்சாரத் தேவை உச்சத்துக்குப் போகும். கடிகாரத்தை முன்னே தள்ளினால் மக்கள் படுக்கப் போவதற்கு முன் விளக்கு எரியும் நேரம் குறையும் என்பது கணக்கு. மே 25, சனிக்கிழமை, நள்ளிரவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. அது அதிகம் என்று தெரிந்ததும் அக்டோபர் 26 அன்று அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரல் 15 வரை திரும்பவில்லை. கோடை முடிந்ததும் பழையபடி திருப்பி வைப்பதுதான் மேல்நாட்டு வழக்கம். இங்கே ஒரு தற்காலிக ஏற்பாடு பத்து ஆண்டுகள் நிலைத்துவிட்டது.

மேல்நாட்டில் இதற்கு ஓரளவாவது பொருள் உண்டு. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரத்தைக்கூட எட்டாது. கோடையில் விடியற்காலையில் வீணாகிற வெளிச்சம் உண்மையிலேயே ஏராளம். இலங்கையின் வடகோடியான யாழ்ப்பாணத்தில்கூட ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். சேமிப்பதற்கு உபரி வெளிச்சம் இல்லாத நாட்டில், மாலைக்கு எடுத்துக் கொடுத்த வெளிச்சம் முழுவதும் காலையிலிருந்து பிடுங்கியது.

இனி ஒரு காலையைச் சொல்கிறேன்.

அப்பாவிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. நாட்டு மாடுகள். கன்றை விட்டு ஊட்டினால்தான் சுரப்பு விடும். கன்று முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்கி, மடிக் காம்பு பளபளவென்று புடைத்து வந்த பிறகு கன்றை இழுத்துக் கட்டிவிட்டு அப்பா குந்துவார். நகரத்தில் ஒரு தேநீர்க்கடைக்குப் பால் கொடுத்துவந்தோம். கடை காலை ஐந்தரைக்குத் திறக்கும். நேரம் மாறிய பிறகும் அதே ஐந்தரைதான். ஆனால் அது பழைய நாலரை. முதல் வாரம் அப்பா மூன்று மணிக்கே எழுந்து, அரிக்கன் லாம்பைத் தொழுவத்துக் கப்பில் மாட்டிவிட்டுக் கறக்க உட்கார்ந்தார். கன்று தூக்கத்தில் எழும்ப மறுத்தது. பசு காலை உதைத்தது. கறந்த பால் செம்பில் பாதிக்குத்தான் வந்தது. மாடு பாலை அடக்கிவிட்டது என்று அப்பா சொன்னார். பத்துப் பதினைந்து நாளில் பசுவும் கன்றும் பழகிக்கொண்டன. மேல்நாட்டுப் பண்ணைகளில் கடிகாரம் மாறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே கறவை நேரத்தைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடமாக நகர்த்திப் பழக்குவார்கள் என்பதைப் பின்னாளில் படித்தேன். எங்களுக்கு அப்படி யாரும் சொல்லித்தரவில்லை.

மாடு இரண்டு வாரத்தில் பழகிவிடும். பிள்ளைகள் பழகவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கும். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரப் பாதை. குளக்கட்டில் பாதித் தூரம், பிறகு கிரவல் ரோட்டில் மீதி. ஆறரைக்காவது புறப்பட வேண்டும். பழைய நேரமாக இருந்தால் ஆறரைக்கு நிலம் நன்றாக வெளுத்திருக்கும். 1996 செப்டம்பரில் எங்கள் பகுதியில் சூரியன் எழுந்தது புதிய நேரப்படி ஏழு மணிக்கு. அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு நிம்மதி என்று நினைத்தோம். ஆனால் ஜனவரி வந்ததும் சூரியனே பின்தங்கி எழத் தொடங்கியது. ஜனவரிக் கடைசியில் மறுபடியும் ஏழு மணி. அதோடு வாடைக் காலத்து மூட்டமும் சேர்ந்தால் வழியில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது.

இருட்டில் போவது என்றால் எங்கள் ஊரில் சும்மா இருட்டு இல்லை. இரவில் வயலுக்கு இறங்கிய யானை காட்டுக்குத் திரும்புகிற வேளை அது. வரம்பில் விரியன் சுருண்டு கிடக்கும் வேளை அது. இவற்றையெல்லாம்விடப் பெரிய பயம் ரோட்டில் இருந்த இராணுவக் காவலரண். போர்க்காலம். வெளிச்சத்தில் நாங்கள் வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள். இருட்டில் நாங்கள் யாரோ சிலர் அசையும் உருவங்கள். அம்மா தினமும் சொல்லி அனுப்புவார்: காவலரணுக்குக் கிட்டப் போகும்போது இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் என்று தெரியட்டும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே அந்த இடத்தைக் கடப்போம். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றும் தடுமாறாது.

இந்த இருட்டுப் பயணம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா 1974 ஜனவரியில் ஆண்டு முழுவதற்கும் கடிகாரத்தை முன்னே தள்ளியது. இருட்டில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வாகனங்களில் அடிபட்ட செய்திகளால் பெற்றோர் கொந்தளித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதைத் திருத்தினார்கள். வங்கதேசம் 2009 ஜூனில் தொடங்கி அந்த ஆண்டு முடிவோடு கைவிட்டது. இலங்கையில் 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது முன்வைத்த காரணங்களில் ஒன்றும் இதுதான்: பிள்ளைகள் இருட்டில் எழுந்து இருட்டில் போகிறார்கள்.

பிள்ளைகள் அந்த நேரத்துக்குப் புறப்பட வேண்டுமானால் அம்மா எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பிட்டு அவிக்க வேண்டும், சம்பல் அரைக்க வேண்டும், மதியச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டும். எல்லாம் குப்பி விளக்கின் வெளிச்சத்தில். ஊரில் எல்லார் வீட்டிலும் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக விளக்கு எரிந்தது. போரால் எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் எளிதில் கிடைக்காத, கிடைத்தாலும் கொள்ளை விலை விற்ற காலம் அது. அக்காலத்தில் நாட்டின் வீடுகளில் ஏறத்தாழப் பாதிக்கு மின்சாரமே எட்டவில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் செய்த மாற்றம், மின்சாரத்தையே கண்டிராத வீடுகளின் எண்ணெய்ப் போத்தலைக் காலி செய்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது பொறுக்கவில்லை. கணக்குப் போட்டவர்கள் மின்மானி இருந்த வீடுகளை மட்டுமே எண்ணினார்கள்.

வயலில் என்ன நடந்தது? பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை என்பதே உண்மை. குளத்து வான்கதவு திறப்பதும் விதைப்பதும் மழையைப் பார்த்து. மாசியில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடக்கும்போது பனி உலர்ந்த பிறகே தாளில் அரிவாள் வைப்பார்கள். சிக்கல் கூலியில் மட்டும் வந்தது. வெட்டுக்கு வருகிறவர்கள் பழைய நேரத்துக்கு வந்து புதிய நேரத்துக்குப் போகப் பார்க்கிறார்கள் என்று கமக்காரர் குறைப்படுவார். வயல்காரர் புதிய நேரத்துக்குக் கூப்பிட்டுப் பழைய நேரத்துக்கு அனுப்புகிறார் என்று வெட்டுகிறவர்கள் சொல்வார்கள். கடைசியில் ஊரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நேரமே சொல்வதில்லை. "பனி காய வாருங்கள், நிழல் வாய்க்காலைத் தொடப் போகலாம்" என்று பேசிக்கொண்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பண்ணையில் வந்த அதே வழக்கு எங்கள் வயலிலும் வந்து, நிழலை அளந்து தீர்ந்தது.

பேச்சில் ஒரு புதிய பழக்கம் வந்தது. எந்த நேரத்தைச் சொன்னாலும் உடனே எதிர்க்கேள்வி வரும்: "புதிய நேரமா, பழைய நேரமா?" சாவீட்டுக்கு ஆள் சொல்லிப் போகும்போதும், கோயில் பூசைக்கும், கலியாண முகூர்த்தத்துக்கும் இதைத் தெளிவாக்காமல் முடியாது. கோயிலில் பழைய நேரம்தான். பஞ்சாங்கம் கணித்தவர் கடிகாரத்தை நம்பிக் கணிக்கவில்லை. சூரிய உதயத்தை நம்பிக் கணித்தார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. புதிய நேரப்படி அது எட்டு முதல் ஒன்பதரை. அம்மம்மா இதற்காகவே வீட்டில் ஒரு கடிகாரத்தை மாற்றவே விடவில்லை. சாமியறைச் சுவரில் இருந்த சாவி கொடுக்கும் கடிகாரம் பத்து ஆண்டுகளும் பழைய நேரத்திலேயே ஓடியது. பௌத்த பிக்குகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. உச்சிப் பொழுதுக்கு முன் உணவை முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. உச்சிப் பொழுது என்பது சூரியன் தலைக்கு மேலே வருவது. அரசாங்க வர்த்தமானியால் அதை நகர்த்த முடியாது.

வானொலியில் இன்னொரு குழப்பம். பி.பி.சி. தமிழோசை எங்களுக்கு எப்போதும் இரவு 9.15. புதிய நேரம் வந்ததும் முதலில் 10.15 ஆனது, பிறகு 9.45. திருச்சி வானொலி இந்திய நேரத்தில் பேசும். இந்திய நேரமும் எங்கள் பழைய நேரமும் ஒன்றுதான். ஆகவே நேரம் சரிபார்க்க வேண்டியபோதெல்லாம் அப்பா திருச்சியைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு அரை மணி கூட்டிக்கொள்வார்.

நேரம் மாறிய பல நாடுகளில் இல்லாத ஒன்று இலங்கையில் நடந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி புதிய நேரத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய நேரமே நீடித்தது. எங்கள் ஊருக்கு வடக்கே சில மைல் தூரத்தில் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் நின்றது. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது, இரு பக்கத்துக்கும் எல்லையான ஓமந்தையைக் கடந்தவர்கள் எல்லாரும் இதைச் சந்தித்தார்கள். வவுனியாவிலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்டு, சோதனைகளில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, அந்தப் பக்கம் ஏறும்போது கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே வைக்க வேண்டும். திரும்பி வரும்போது அந்த அரை மணியை இழக்க வேண்டும். கிளிநொச்சியில் பெரியப்பா வீட்டில் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, எந்தப் பக்கத்து நேரம் என்று மூன்று முறை கேட்டும் பெரியம்மாவுக்கு மனம் ஆறவில்லை. என் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி வாங்கித் தானே திருப்பிவிட்டுக் கொடுத்தார். நாடு முழுவதும் ஒரே வேளையில் தொடங்கும் பரீட்சை கொழும்பில் 8.30 என்றால் வன்னிச் சுவர்க் கடிகாரத்தில் 8.00. ஒரே வினாத்தாள், ஒரே வெயில், இரண்டு நேரம்.

இதைப் பெருமையாகவோ பழியாகவோ சொல்லவில்லை. ஒரு நாட்டில் நேரம் என்பது எவ்வளவு தூரம் அதிகாரத்தின் எல்லையோடு ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் "பாகான் நேரம்" என்று இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஒரு கணக்கு உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கியது. அங்கே சூரியன் மிக முன்னதாகவே எழுந்துவிடுவதால், வேலை செய்கிறவர்களுக்குக்கூட அது ஒத்துவந்தது. கடிகாரத்தை அந்த இடத்துச் சூரியனோடு சேர்த்துவைக்கிற மாற்றமா, அதிலிருந்து பிரிக்கிற மாற்றமா என்று பார்த்தாலே கிராமம் அதை எப்படி ஏற்கும் என்று சொல்லிவிடலாம்.

2006இல் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் பழைய நேரம் திரும்பியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எதிர்த்தார், முழு மணியில் இல்லாமல் அரை மணியில் வித்தியாசப்படும் நேரம் உலகத்தோடு கணக்குப் பார்க்க இடைஞ்சல் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. நகரத்தில் அலுவலகம் போகிறவர்களுக்கும் வெளிச்சத்தோடு வீடு திரும்பும் வசதி போனது. அதுவும் நியாயமான இழப்புத்தான். எங்கள் ஊரில் மட்டும் யாருக்கும் வருத்தம் இல்லை.

கடைசியாக, இன்றைக்கும் பயன்படுகிற ஒரு செய்தி. இலங்கையில் 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 14 வரை பிறந்தவர்களுக்கு இப்போது கலியாண வயது. சாதகம் கணிக்கும்போது, ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் பிறந்த நேரத்தை அப்படியே பழைய நேரமாக எடுத்துக்கொண்டால் தவறாகும். அது புதிய நேரம் என்றால் அரை மணி கழிக்க வேண்டும். 1996 மே 25 முதல் அக்டோபர் 25 வரை பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். நவாம்ச லக்கினம் ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது. அரை மணிப் பிழை அதை இரண்டு கட்டம் தள்ளிவிடும். கணினியில் கணிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நல்ல மென்பொருள் இந்த நேர மாற்றத்தை அறிந்து தானாகவே கழித்துக்கொள்ளும். ஆனால் பிள்ளை வன்னியில் பிறந்திருந்து, நேரத்தை அங்கிருந்த பழைய நேரக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருந்தால், அந்தக் கழிவே பிழையாகிவிடும். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

என் தங்கை 1998இல் பிறந்தாள். அப்பா கணக்குக் கொப்பியின் பின் அட்டையில் குறித்து வைத்திருக்கிறார்: "வெள்ளி, அதிகாலை 4.10, ப.நே." கடந்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய பையனின் குறிப்பில் நேரம் மட்டும் இருந்தது. அவனும் அதே ஆண்டில், கிளிநொச்சியில் பிறந்தவன். தரகரைத் தொலைபேசியில் அழைத்து அம்மா கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, இது புதிய நேரமா, பழைய நேரமா?"